பவர்பாயிண்டில் வழிகாட்டும் பட்டன்கள்: மாஸ்டரில் எது, லேஅவுட்டில் எது?

மாணவர் தாமே கிளிக் செய்து படிக்கும் பாடக் கோப்பு ஒன்றைப் பவர்பாயிண்டில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடம் மனித உடல் மண்டலங்கள். முகப்பில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு என நான்கு பகுதிகள். பகுதிக்கு 6 ஸ்லைடு. கடைசியில் 5 கேள்விகள், அவற்றுக்கு 5 விளக்க ஸ்லைடுகள், 'தவறு, மீண்டும் முயலுங்கள்' என்று சொல்ல ஒன்று, கலைச்சொற்களுக்கு ஒன்று. முகப்பையும் சேர்த்தால் 37 ஸ்லைடு.

'முந்தையது', 'முகப்பு', 'அடுத்து' என்று மூன்று பட்டனை ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒட்டிக்கொண்டே போனால் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிடும். பிறகு நிறத்தை மாற்ற நினைத்தால் நூறு இடத்திலும் மாற்ற வேண்டும். ஏதாவது ஒரு ஸ்லைடில் பட்டன் 2 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால்கூடப் பக்கம் மாறும்போது அது துள்ளுவது கண்ணை உறுத்தும். மாணவர் கைபட்டு ஒரு பட்டன் அழிந்தால், அவர் அந்த ஸ்லைடிலேயே நின்றுவிடுவார். இதற்கெல்லாம் ஒரே தீர்வு, பட்டன்களை ஸ்லைடு மாஸ்டரிலும் லேஅவுட்டிலும் வைப்பது. இங்கே சொல்வது விண்டோஸில் இயங்கும் பவர்பாயிண்டுக்கு. மேக்கிலும் வேலை இதேதான், மெனுக்கள் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

மூன்று அடுக்குகள்

நீங்கள் பார்க்கும் ஒரு ஸ்லைடு உண்மையில் மூன்று அடுக்காக இருக்கிறது. அடியில் மாஸ்டர், அதன்மேல் லேஅவுட், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்லைடில் நீங்கள் வைக்கும் எழுத்தும் படமும். மாஸ்டரில் வைத்தது அதன்கீழ் உள்ள எல்லா லேஅவுட்டிலும் தெரியும். லேஅவுட்டில் வைத்தது அந்த லேஅவுட்டைப் பயன்படுத்தும் ஸ்லைடுகளில் மட்டும் தெரியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாப் பட்டனையும் மாஸ்டரிலேயே போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாஸ்டரில் உள்ள நான்கு பட்டன்களில் ஒன்றை மட்டும் ஏதோ ஒரு லேஅவுட்டில் மறைக்க வழியே இல்லை. இருப்பது 'ஹைட் பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ்' என்ற ஒரே ஒரு டிக். அதைப் போட்டால் மாஸ்டரின் நான்கு பட்டன்களோடு பள்ளியின் சின்னமும் அலங்காரக் கோடும் சேர்ந்தே போய்விடும். ஆகவே ஏறக்குறைய எல்லா ஸ்லைடிலும் கட்டாயம் வேண்டியதை மட்டும் மாஸ்டரில் வையுங்கள். மீதி எல்லாம் லேஅவுட்டில். சந்தேகம் வந்தால் லேஅவுட்டிலேயே வைத்துவிடுங்கள். பட்டனை லேஅவுட்டிலிருந்து மாஸ்டருக்கு எப்போது வேண்டுமானாலும் ஏற்றிவிடலாம். மாஸ்டரிலிருந்து இறக்க வேண்டுமானால் எல்லா லேஅவுட்டையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

நம் பாடத்தில் 'முகப்பு', 'கலைச்சொல்' இரண்டும் மாஸ்டருக்கு. 'அடுத்து', 'முந்தையது' லேஅவுட்டுக்கு, ஏனென்றால் முகப்பில் முந்தையது தேவையில்லை, கேள்வி ஸ்லைடில் அடுத்து இருக்கவே கூடாது. இருந்தால் மாணவர் பதில் சொல்லாமலே தாண்டிவிடுவார்.

வரைவதற்கு முன் அளவு

முதலில் டிசைன் டேபில் ஸ்லைடு சைஸை முடிவுசெய்யுங்கள். அகலத்திரை 16:9 என்றால் 33.87 × 19.05 செ.மீ.; பழைய 4:3 என்றால் 25.4 × 19.05 செ.மீ. பட்டன்களையெல்லாம் அடுக்கி முடித்தபிறகு இதை மாற்றினால் அளவும் இடமும் மாறி, எல்லாவற்றையும் திரும்ப ஒழுங்குபடுத்த வேண்டிவரும்.

வழக்கமான வெள்ளை ஆஃபீஸ் தீமில், 16:9 அளவில், உள்ளடக்கப் பெட்டி மேலிருந்து சுமார் 17.2 செ.மீ.யில் முடிகிறது. அதன்கீழ் இருக்கும் 1.9 செ.மீ. பட்டையில்தான் நம் பட்டன்கள் உட்கார வேண்டும். தேதி, அடிக்குறிப்பு, பக்க எண் ஆகியவற்றுக்கான பெட்டிகளும் அதே பட்டையில் இருக்கின்றன. ஹெடர் அண்ட் ஃபுட்டரில் அவற்றை இயக்காதவரை ஸ்லைடில் தெரியாது. பக்க எண் வேண்டுமென்றால் மாஸ்டரில் அந்தப் பெட்டியை மேலே வலது மூலைக்கு நகர்த்துங்கள். லேஅவுட்டுகளிலும் அது நகர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகள் பொருந்திவரும்: ஒவ்வொரு பட்டனும் 3.2 செ.மீ. அகலம், 1.3 செ.மீ. உயரம். மேலிருந்து 17.4 செ.மீ. இடமிருந்து 'முந்தையது' 0.87, 'முகப்பு' 13.43, 'கலைச்சொல்' 17.23, 'அடுத்து' 29.8 செ.மீ. நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே 0.6 செ.மீ. வரும், நான்கும் சமச்சீராக நிற்கும். மவுஸால் இழுத்து ஒப்பேற்றாமல் ஃபார்மேட் ஷேப் பலகத்தில் சைஸ், பொசிஷன் கட்டங்களில் எண்ணையே தட்டுங்கள். உங்கள் கணினி அங்குலத்தில் காட்டினால் எண்ணோடு செ.மீ.க்கான ஆங்கிலச் சுருக்கத்தையும் சேர்த்துத் தட்டுங்கள், தானாக மாற்றிக்கொள்ளும்.

தொடுதிரைப் பலகையில் 1.3 செ.மீ. உயரம் தாராளம். காட்சியின் உயரம் 120 செ.மீ. என்றால் பட்டன் 8 செ.மீ.க்கு மேல் இருக்கும். கைபேசியில் திறப்பார்கள் என்றால் கதை வேறு. படுக்கைவாக்கில் 6.5 செ.மீ. உயரமுள்ள திரையில் அதே பட்டன் அரை செ.மீ.கூட இருக்காது, விரல் பக்கத்துப் பட்டனில் படும். அப்படிப்பட்ட கோப்புக்கு உள்ளடக்கப் பெட்டியைச் சுருக்கி, பட்டன் உயரத்தை 2 செ.மீ.க்கு மேல் கொண்டுபோங்கள்.

மாஸ்டரில் முதல் இரண்டு பட்டன்

1. வியூ டேபில் ஸ்லைடு மாஸ்டரைச் சொடுக்குங்கள். இடப்பக்கப் பட்டியலின் உச்சியில் கொஞ்சம் பெரிதாக இருப்பதுதான் மாஸ்டர். அதன்கீழ் கோடு போட்டுத் தொங்குபவை லேஅவுட்டுகள். திறந்ததும் பெரும்பாலும் ஒரு லேஅவுட்தான் தேர்வாகியிருக்கும், ஆகவே பட்டியலை மேலே நகர்த்தி மாஸ்டரைச் சொடுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. இன்செர்ட், ஷேப்ஸ் போய் ஒரு வட்டமுனைச் செவ்வகம் வரையுங்கள். ஷேப்ஸ் பட்டியலின் அடியில் ஆக்‌ஷன் பட்டன்கள் என்று 12 ஆயத்த வடிவங்களும் இருக்கின்றன. வீடு, இடவல அம்புகள் போன்றவை. அவற்றை வரைந்தவுடன் இணைப்புக்கான சாளரம் தானே திறக்கும். சிறு பிள்ளைகளுக்கு அந்தப் படங்கள் நன்றாகவே புரியும். எழுத்துள்ள பட்டன் வேண்டுமென்றால் செவ்வகமே மேல்.

3. உள்ளே 'முகப்பு' என்று தட்டுங்கள். தமிழ்ச் சொற்கள் அகலம் பிடிப்பவை. 'முந்தையது' இரண்டாக உடைந்து, கடைசி எழுத்து மட்டும் கீழ்வரிக்கு இறங்குவது அடிக்கடி நடக்கும். ஃபார்மேட் ஷேப்பில் டெக்ஸ்ட் பாக்ஸ் பகுதிக்குப் போய் 'ராப் டெக்ஸ்ட் இன் ஷேப்' டிக்கை எடுங்கள். இடவல ஓரம் இயல்பாக 0.25 செ.மீ. இருக்கும், அதை 0.1 ஆக்குங்கள். நிர்மலா யூஐ எழுத்துருவில் 14 புள்ளி போதும்.

4. நிறத்தைத் தீம் நிறங்களிலிருந்தே எடுங்கள். நாளை தீமை மாற்றினால் பட்டன்களும் கூடவே மாறும்.

5. பட்டனின் விளிம்பைச் சொடுக்கி, வடிவத்தையே தேர்ந்தெடுத்துக்கொண்டு, இன்செர்ட் டேபில் ஆக்‌ஷனைச் சொடுக்குங்கள். 'மவுஸ் கிளிக்' பக்கத்தில் 'ஹைப்பர்லிங்க் டு' என்பதைத் தேர்ந்து, பட்டியலில் 'ஸ்லைடு' என்பதை எடுத்து, முகப்பு ஸ்லைடைக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து இணைத்தால் அது அடிக்கோடிட்டு, தீமின் இணைப்பு நிறத்துக்கு மாறிவிடும்; எழுத்தின்மேல் சரியாகச் சொடுக்கினால்தான் வேலையும் செய்யும்.

6. கன்ட்ரோல் + டி அழுத்தி நகல் எடுத்து, எழுத்தையும் இணைப்பையும் மாற்றி 'கலைச்சொல்' பட்டனாக்குங்கள்.

'மவுஸ் ஓவர்' பக்கத்தைத் தொடாதீர்கள். தொடுதிரையில் மவுஸ் மேலே நிற்பது என்ற நிலையே கிடையாது. கணினியிலும், சொடுக்காமலே பக்கம் ஓடிவிட்டால் படிப்பவர் குழம்பிப்போவார்.

முகப்பு இணைப்பை 'ஃபர்ஸ்ட் ஸ்லைடு' என்று கொடுக்கலாமா? கொடுக்கலாம், முகப்பு எப்போதும் முதல் ஸ்லைடாகவே இருக்கும் என்றால். முன்னால் ஒரு தலைப்பு ஸ்லைடு வந்துவிட்டால் பட்டன் அங்கே போய் நிற்கும். ஒரு குறிப்பிட்ட ஸ்லைடோடு இணைத்தது, வரிசையை மாற்றினாலும் அதே ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்லைடை அழித்தால்தான் இணைப்பு அறும். பல பாடங்களுக்குப் பயன்படும் டெம்ப்ளேட்டுக்கு 'ஃபர்ஸ்ட் ஸ்லைடு' நல்லது. ஒரே கோப்புக்குக் குறிப்பிட்ட ஸ்லைடு நல்லது.

லேஅவுட்டுகள்

நமக்கு ஆறு போதும்: முகப்பு, பாடம், பகுதி முடிவு, கேள்வி, தவறு, கலைச்சொல். மாஸ்டர் வியூவில் இருக்கும் மற்ற லேஅவுட்டுகளை அழித்துவிடுங்கள். ஏதாவது ஒரு ஸ்லைடு பயன்படுத்திக்கொண்டிருக்கும் லேஅவுட்டை அழிக்க முடியாது, அதனால் பயமின்றிச் செய்யலாம். 'ரீநேம்' மூலம் ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வையுங்கள். பிறகு ஹோம் டேபின் லேஅவுட் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள்.

'பாடம்' லேஅவுட்டில் 'முந்தையது', 'அடுத்து' இரண்டையும் வையுங்கள்; இணைப்பு முறையே ப்ரீவியஸ் ஸ்லைடு, நெக்ஸ்ட் ஸ்லைடு. பகுதியின் ஆறாவது ஸ்லைடில் 'அடுத்து' இருந்தால் செரிமானம் முடிந்ததும் நேராகச் சுவாசத்துக்குத் தாவிவிடும். அதனால் 'பாடம்' லேஅவுட்டை நகலெடுத்து, வலது பட்டனை மட்டும் 'பகுதி முடிந்தது' என்று மாற்றி, முகப்போடு இணைத்து, 'பகுதி முடிவு' என்று பெயரிடுங்கள். நான்கு பகுதிகளின் கடைசி ஸ்லைடுக்கும் இதுதான். ஒரு லேஅவுட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டனை நகலெடுத்து ஒட்டினால் அதே இடத்தில்தான் வந்து உட்காரும், திரும்ப அளக்கத் தேவையில்லை.

'முகப்பு', 'கலைச்சொல்' லேஅவுட்டுகளில் மாஸ்டரின் பட்டன்கள் தேவையில்லை. அங்கே ஹைட் பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ் டிக்கைப் போட்டு, சின்னம் வேண்டுமென்றால் அதை மட்டும் தனியாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

கலைச்சொல் லேஅவுட்டில் ஒரே பட்டன்: 'திரும்பு'. அதன் இணைப்பு 'லாஸ்ட் ஸ்லைடு வியூடு'. மாணவர் 9ஆம் ஸ்லைடிலிருந்து வந்திருந்தால் 9க்கும், 20இலிருந்து வந்திருந்தால் 20க்கும் அதுவே கொண்டுபோய் விடும். பட்டியலில் இதற்குப் பக்கத்திலேயே 'லாஸ்ட் ஸ்லைடு' என்று இன்னொன்று இருக்கிறது, அது கோப்பின் கடைசி ஸ்லைடுக்குப் போவது. கவனமில்லாமல் அதை எடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. இன்னொரு எல்லையும் உண்டு. கலைச்சொல் பட்டியலை இரண்டு ஸ்லைடாக நீட்டினால், இரண்டாவதிலிருந்து 'திரும்பு' சொடுக்கும்போது முதலாவதுக்குத்தான் போகும், மறுபடி சொடுக்கினால் இரண்டாவதுக்கே வரும். பாடத்துக்குத் திரும்பவே முடியாது. எழுத்தைச் சிறிதாக்கியாவது ஒரே ஸ்லைடில் அடக்குங்கள்.

கேள்விகள்

இங்கே லேஅவுட் பாதி வேலையைத்தான் செய்யும், ஏனென்றால் சரியான விடை கேள்விக்குக் கேள்வி மாறும். கேள்வி லேஅவுட்டில் கேள்விக்கான எழுத்துப் பெட்டி மட்டும் இருக்கட்டும். விடைப் பட்டன்கள் ஸ்லைடிலேயே இருக்கட்டும்.

முதல் கேள்வியை முழுதாக முடியுங்கள். மூன்று விடைப் பட்டன்கள். சரியானதன் இணைப்பு நெக்ஸ்ட் ஸ்லைடு. அடுத்த ஸ்லைடாக அந்த விடைக்கான விளக்கம் இருக்க வேண்டும். விளக்க ஸ்லைடுக்குப் 'பாடம்' லேஅவுட்டே போதும். ஐந்தாவது விளக்கத்துக்கு மட்டும் 'பகுதி முடிவு'. தவறான இரண்டும் 'தவறு' ஸ்லைடுக்குப் போகட்டும். ஐந்து கேள்விக்கும் சேர்த்துத் 'தவறு' ஸ்லைடு ஒன்றே போதும்: அதன் லேஅவுட்டில் 'மீண்டும் முயல்' என்ற பட்டனை லாஸ்ட் ஸ்லைடு வியூடு என்று இணைத்துவிட்டால் வந்த கேள்விக்கே திருப்பி அனுப்பும். அந்த ஸ்லைடைக் கடைசியில் வைத்து, வலது கிளிக் செய்து 'ஹைட் ஸ்லைடு' கொடுங்கள். மறைத்த ஸ்லைடு வரிசையில் வராது, ஆனால் இணைப்பு வழியாகப் போனால் திறக்கும். கலைச்சொல் ஸ்லைடுக்கும் இதையே செய்யலாம்.

பிறகு கேள்வி ஸ்லைடையும் விளக்க ஸ்லைடையும் சேர்த்துத் தேர்ந்து, கன்ட்ரோல் + டி கொடுத்து நகலெடுங்கள். நகலில் எழுத்தை மாற்றினால் போதும், இணைப்புகள் அப்படியே இருக்கும். சரியான விடை எப்போதும் முதலிலேயே வரக்கூடாது அல்லவா? அதற்கு இணைப்புகளை மாற்றாதீர்கள், பட்டன்களின் இடத்தை மாற்றுங்கள். இணைப்பு வடிவத்தோடேயே நகரும்.

பட்டனைத் தவிர வேறெங்கும் சொடுக்கினால்?

சாதாரண ஸ்லைடு ஷோவில் திரையின் எந்த இடத்தில் சொடுக்கினாலும் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். கேள்வியில் வெற்றிடத்தைச் சொடுக்கினால் விடை விளக்கம் திறந்துவிடும். நீங்கள் கட்டிய வழியெல்லாம் அதோடு வீண். ட்ரான்சிஷன்ஸ் டேபில் 'ஆன் மவுஸ் கிளிக்' டிக்கை எடுத்தால் மவுஸ் அடங்கும், ஆனால் அம்பு விசையும் இடைவெளி விசையும் அடங்காது.

முழுத் தீர்வு கியோஸ்க் முறை. ஸ்லைடு ஷோ டேபில் 'செட் அப் ஸ்லைடு ஷோ' திறந்து, 'ப்ரௌஸ்டு அட் எ கியோஸ்க்' என்பதைத் தேருங்கள். இதில் பட்டன்களும் இணைப்புகளும் எஸ்கேப் விசையும் மட்டுமே வேலை செய்யும். ஆகவே எந்த லேஅவுட்டிலும் வெளியேற வழியில்லாமல் விட்டுவிடக் கூடாது. முகப்பில் 'எண்ட் ஷோ' இணைப்புள்ள 'முடி' பட்டன் ஒன்றும் வையுங்கள். ட்ரான்சிஷன்ஸ் டேபில் 'ஆஃப்டர்' என்று நேரம் குறித்திருந்தால் கியோஸ்க்கிலும் ஸ்லைடு தானாக நகரும், அதை எல்லா ஸ்லைடிலும் நீக்கிவிடுங்கள்.

பட்டன் வேலை செய்யாதபோது

மாஸ்டர் வியூவை மூடி ஸ்லைடுக்குத் திரும்பியதும் பட்டனைச் சொடுக்கிப் பார்த்து, 'தேர்வாகவே இல்லையே' என்று பலர் திகைக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். மாஸ்டரில் உள்ளதைச் சாதாரண வியூவில் தொடவே முடியாது, ஸ்லைடு ஷோவில்தான் அது இயங்கும். இருக்கும் ஸ்லைடிலிருந்தே ஓட்டிப் பார்க்க ஷிஃப்ட் + எஃப்5. சுட்டி கை வடிவமாக மாறினால் இணைப்பு இருக்கிறது என்று பொருள்.

சில ஸ்லைடில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மேலே ஏதோ மூடியிருக்கிறது. திரை முழுக்க ஒரு படத்தை விரித்தால் அது மாஸ்டர், லேஅவுட் இரண்டுக்கும் மேலே வந்துவிடும். ஸ்லைடில் இருப்பதற்குமேல் மாஸ்டர் பட்டனைக் கொண்டுவர எந்தக் கட்டளையும் இல்லை. படத்தை 17.2 செ.மீ. உயரத்துக்குள் வெட்டுங்கள். முழுத்திரைப் படம்தான் வேண்டும் என்றால், மாஸ்டரிலிருந்து பட்டன்களை நகலெடுத்து அந்த ஸ்லைடில் நேரடியாக ஒட்டுங்கள். இணைப்பும் கூடவே வரும். ஆல்ட் + எஃப்10 அழுத்தினால் திறக்கும் செலக்‌ஷன் பலகம், அந்த ஸ்லைடில் என்னென்ன கிடக்கிறது என்பதை வரிசையாகக் காட்டும்.

மாஸ்டரில் நிறத்தை மாற்றியும் சில ஸ்லைடுகள் மாறவில்லையா? வேறு கோப்பிலிருந்து ஸ்லைடுகளை 'கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்' கொடுத்து ஒட்டியிருப்பீர்கள். அவை தங்கள் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும். மாஸ்டர் வியூவில் கீழே போய்ப் பாருங்கள், பெயருக்கு முன்னால் 1_ என்ற ஒட்டோடு இன்னொரு மாஸ்டர் நிற்கும். ஒவ்வொரு லேஅவுட்டின்மேலும் சுட்டியை நிறுத்தினால் எந்தெந்த ஸ்லைடு அதைப் பயன்படுத்துகிறது என்று தெரியும். அந்த ஸ்லைடுகளை ஹோம் டேபிலிருந்து சரியான லேஅவுட்டுக்கு மாற்றிவிட்டு, வேண்டாத மாஸ்டரை அழியுங்கள்.

பட்டன் காணவே இல்லை என்றால், ஸ்லைடின் ஃபார்மேட் பேக்ரவுண்ட் பலகத்தில் ஹைட் பேக்ரவுண்ட் கிராஃபிக்ஸ் டிக் விழுந்திருக்கலாம். ஸ்லைடில் போட்ட டிக் லேஅவுட் பட்டன்களையும் சேர்த்தே மறைக்கும்.

அச்சடிக்கும்போது பட்டன்கள் தாளில் வருவது பிடிக்கவில்லை என்றால் மாஸ்டர் வியூவிலேயே செலக்‌ஷன் பலகத்தைத் திறந்து, பட்டன்களுக்கு நேரே உள்ள கண் குறியை மூடுங்கள். அச்சு முடிந்ததும் திறந்துவிடுங்கள். லேஅவுட்டுகளிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குக் கொடுக்கும் கோப்பில் மட்டும் ஒரு விதிவிலக்கு: மாஸ்டரில் உள்ளவை பின்னணியாகவே கருதப்படுவதால் திரைவாசிப்பான் அவற்றைப் படிக்காது. முக்கிய இணைப்புகளை ஸ்லைடிலேயே வையுங்கள்.

டெம்ப்ளேட்டாகச் சேமிக்க

அடுத்த பாடத்துக்கும் இதே பட்டன்கள் வேண்டும் என்றால், கோப்பின் ஒரு நகலில் ஸ்லைடுகளை எல்லாம் அழித்து, முகப்பும் கலைச்சொல்லும் தவறும் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். 'சேவ் ஆஸ்' கொடுத்து, கோப்பு வகையில் 'பவர்பாயிண்ட் டெம்ப்ளேட்' என்பதைத் தேருங்கள். முகப்பையும் கலைச்சொல்லையும் அழித்துவிட்டால் மாஸ்டரிலிருந்து அவற்றுக்குப் போகும் இணைப்புகளும் அறுந்துபோகும், அதனால்தான் வெறுமையாகவாவது விட்டுவைப்பது. மாணவர்களுக்குக் கொடுக்கும் பிரதியை 'பவர்பாயிண்ட் ஷோ' வகையில் சேமித்தால் இருமுறை சொடுக்கியதும் நேரே காட்சியாகத் திறக்கும்.

கூகுள் ஸ்லைட்ஸிலும் மாஸ்டர், லேஅவுட் இரண்டும் உண்டு. வியூ மெனுவில் 'தீம் பில்டர்' என்ற பெயரில் இருக்கிறது. வடிவத்தைத் தேர்ந்து கன்ட்ரோல் + கே அழுத்தினால் அடுத்த, முந்தைய, முதல், கடைசி ஸ்லைடுக்கோ குறிப்பிட்ட ஒரு ஸ்லைடுக்கோ இணைக்கலாம். ஆனால் கடைசியாகப் பார்த்த ஸ்லைடுக்குத் திரும்பும் வசதி அங்கே இல்லை. எனவே 'திரும்பு' பட்டன் முகப்புக்குத்தான் போக வேண்டும், தவறு ஸ்லைடும் கேள்விக்கு ஒன்றாக ஐந்து வைக்க வேண்டிவரும்.